அப்துல் ஹமீத் கொடுத்த எழுத்து

ஆகஸ்ட் 4, ஞாயிறு காலை

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பாட்டுக்குப் பாட்டு யார் நடத்தியிருந்தாலும் ஓடியிருக்கக்கூடிய எளிய விளையாட்டு. பி.எச். அப்துல் ஹமீத் அதில் என்ன செய்துவிட்டார்? நல்ல உச்சரிப்பு என்ற ஒன்றைத் தவிர வேறு எதைச் சொல்ல முடியும்?” நடத்துபவர் ஓர் எழுத்தைக் கொடுக்க, அதில் தொடங்கும் திரைப்பாட்டைப் போட்டியாளர் பாட வேண்டும் என்பதுதான் பாட்டுக்குப் பாட்டு. சன் தொலைக்காட்சியில் அதை நடத்தியவர் அப்துல் ஹமீத்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், “உச்சரிப்பு என்ற ஒன்று” என்று அதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. சன் தொலைக்காட்சி 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று தொடங்கியது. தனியார் தொலைக்காட்சி நம் வீடுகளுக்குள் நுழைந்த அந்தப் பத்தாண்டில், திரையில் பேசியவர்களில் பலருக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிட்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவே ‘லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு’ மேடையில் கோட்டு அணிந்த ஒரு மனிதர் நின்று, பதற்றமில்லாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய இடம் கொடுத்துப் பேசினார். என் வகுப்பில் ழகரம் வராத பிள்ளைகளிடம் நாக்கை எங்கே மடிக்க வேண்டும் என்று கரும்பலகையில் படம் வரைந்து காட்டித் தோற்ற நான், “இந்த வாரம் அவர் பேசுவதைக் கேட்டுவிட்டு வாருங்கள்” என்று சொல்லத் தொடங்கினேன். அவர்களில் சிலருக்கு ழகரம் வந்தது.

எனவே என் விடை: ஆம், உச்சரிப்புதான். ஒருவர் வெற்றி பெற அதுவே போதும்.

ஆகஸ்ட் 4, இரவு

காலையில் எழுதியதை மீண்டும் படித்தபோது, அவருடைய தொழில் வாழ்க்கை சன் தொலைக்காட்சியில் தொடங்கியது போன்ற தோற்றம் வந்திருப்பதைக் கண்டேன். அது பெரும் பிழை. பாட்டுக்குப் பாட்டு என்ற நிகழ்ச்சியே முதலில் வானொலி நிகழ்ச்சி. கொழும்பிலிருந்து இலங்கை வானொலியில் அவர் நடத்தி, பல ஆண்டுகள் பழகிப் பழகித் தேய்த்து மெருகேற்றிய பிறகுதான் அது தொலைக்காட்சிக்கு வந்தது. சன் தொலைக்காட்சியில் அவரைப் பார்த்துத் தமிழகத்தின் வடமாவட்டங்களில் இருந்தவர்கள் “யார் இவர்?” என்று கேட்டிருக்கலாம். எங்கள் கடற்கரையில் அந்தக் கேள்வி எழவில்லை. எங்களுக்கு அவர் குரல் முன்பே வீட்டுக் குரல், முகம்தான் புதிது.

தொண்டியில் என் தந்தைக்குத் தையல் கடை. மரப்பலகையின் மேல் ஒரு மர்பி வானொலிப் பெட்டி. அதிலிருந்து செப்புக் கம்பி ஒன்று கூரையைத் துளைத்து வேப்பமரத்துக்குப் போகும். சென்னை நிலையத்தைவிட இலங்கை நிலையம்தான் எங்களுக்குத் தெளிவாகக் கிடைக்கும். இடையில் இருந்தது கடல்நீர் மட்டுமே. பொங்கும் பூம்புனல், பிறந்தநாள் வாழ்த்து, நீங்கள் கேட்டவை, இசையும் கதையும் என்று எங்கள் நாளின் பொழுதுகள் அந்த நிகழ்ச்சிகளின் பெயரால்தான் பிரிந்தன. அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரலைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கே.எஸ். ராஜாவின் வேகத்தையும், ராஜேஸ்வரி சண்முகத்தின் கனிவையும், அப்துல் ஹமீதின் நிதானத்தையும் நானே கேட்டு வளர்ந்தேன்.

ஒரு காட்சி இப்போதும் கண்முன் நிற்கிறது. பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேசத் தொடங்கியதும், அப்பா மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துவிட்டு, சுழலும் சக்கரத்தை உள்ளங்கையால் அழுத்தி நிறுத்துவார். பாட்டு ஓடும்போது தையல் ஓசை அவருக்குத் தடையாக இல்லை. படத்தின் பெயரும், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களும் சொல்லப்படும்போது மட்டும் கடை அமைதியாக வேண்டும். பெயர்கள் முடிந்ததும் சக்கரம் மீண்டும் சுழலும். எழுதப் படிக்க அதிகம் தெரியாத அவருக்கு நூற்றுக்கணக்கான பாட்டுகளின் ஆசிரியர் பெயர் தெரிந்திருந்தது இப்படித்தான்.

ஆகஸ்ட் 5, திங்கள்

இலங்கை வானொலி இந்தியாவில் இவ்வளவு பரவியதற்குக் காரணம் கடல் அருகாமை மட்டும்தானா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. 1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒதுக்கினார். நாட்டு மக்கள் விரும்பிக் கேட்டதை நாட்டு வானொலி தராதபோது அவர்கள் முள்ளைக் கொழும்பு பக்கம் திருப்பினார்கள். 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கப்பட்டதற்கு அந்த இழப்பும் ஒரு காரணம். ஆனால் திரும்பிய காதுகள் உடனே திரும்பி வந்துவிடவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

“இது இந்திக்காரர்களின் அந்தாக்ஷரிதானே, பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள்” என்ற கருத்தை ஏற்க முடியாது. ஜீ தொலைக்காட்சியில் 1993-இல் அன்னு கபூர் நடத்தத் தொடங்கிய அந்தாக்ஷரியில், ஒருவர் பாடிய பாட்டு எந்த எழுத்தில் முடிகிறதோ அந்த எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். நம் அந்தாதியும் அதே வேரில் நிற்பதுதான். ஆனால் தமிழில் விளையாட்டாக அதை அப்படியே நடத்தினால் மூன்றாவது பாட்டிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். காரணம் இலக்கணத்திலேயே இருக்கிறது. பதினெட்டு மெய்களில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. நம் பாட்டுகளோ பெரும்பாலும் “-னே”, “-ளே”, “-றேன்”, “-டா” என்றுதான் முடிகின்றன. இறுதி எழுத்தில் தொடங்கு என்றால் எவர் தொடங்குவார்?

ஆகவே தமிழில் இந்த விளையாட்டுக்கு எழுத்தைக் கொடுக்க ஒரு மனிதர் தேவைப்படுகிறார். இந்தியில் விதியே பார்த்துக்கொள்ளும் வேலையை இங்கே நடத்துபவர் தம் அறிவினால் செய்ய வேண்டியிருக்கிறது. யார் நடத்தினாலும் ஓடியிருக்கும் என்பதற்கு இதுவே என் முதல் மறுப்பு. முதல் நாள் குறிப்பில் உச்சரிப்பே போதும் என்று முடித்தது அவசரம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதாமல் இருந்தால் மேலே சொன்னது வெறும் இலக்கணமாக நின்றுவிடும்.

தொண்ணூறுகளின் இறுதியில் நான் பணியாற்றிய பள்ளியின் ஆண்டுவிழாவில் பாட்டுக்குப் பாட்டு நடத்த வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். தொலைக்காட்சியில் அது உச்சத்தில் இருந்த நேரம். தமிழாசிரியை என்பதால் நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சீட்டு எழுதி, ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மேடைக்கு விளக்கு, ஒலிபெருக்கி, தலைமை விருந்தினருக்குத் துண்டு என்று அலைந்துகொண்டிருந்தேன்.

முதல் சுற்று நன்றாகப் போயிற்று. இரண்டாம் சுற்றில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து நின்றாள். அந்தப் பள்ளியில் அவளைவிட நன்றாகப் பாடியவர் இல்லை. நான் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்து, படித்து, ஒலிவாங்கியில் சொன்னேன்: “உங்களுக்கான எழுத்து ‘ள’.”

சொன்ன அந்தக் கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மாணவர்கள் மெய்யெழுத்து வரிசை முழுவதையும் எழுதிப் போட்டிருக்கிறார்கள். ளகரத்தில் தொடங்கும் சொல்லே இல்லை என்று அதே மாணவர்களுக்கு மொழிமுதல் எழுத்துகள் பாடம் நடத்தியவள் நான். ஆனால் கூட்டம் அமைதியாகிவிட்டது; மணி அடிப்பவர் கையை உயர்த்திவிட்டார். அந்தப் பெண் வாயைத் திறந்தாள், மூடினாள், என்னைப் பார்த்தாள். மணி அடித்தது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். “வேறு எழுத்து தருகிறேன்” என்று நான் சொன்னபோது அவள் மேடையிலிருந்து இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். அந்த வாரம் முழுவதும் வகுப்பில் அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு தொலைக்காட்சியில் அந்த நிகழ்ச்சியை நான் பார்த்த விதமே மாறிப்போயிற்று. போட்டியாளரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, எழுத்து கொடுப்பவரைப் பார்க்கத் தொடங்கினேன். ஓர் எழுத்தை வாயிலிருந்து விடுவதற்கு முன், அந்த எழுத்தில் என்னென்ன பாட்டுகள் உண்டு, அவற்றில் எத்தனை முன்பே பாடப்பட்டுவிட்டன, எதிரே நிற்பவரின் வயதுக்கு எந்தக் காலத்துப் பாட்டு தெரிந்திருக்கும் என்பதெல்லாம் நடத்துபவரின் தலைக்குள் ஓட வேண்டும். சீட்டுப் பெட்டி அந்த வேலையைச் செய்யாது.

ஆகஸ்ட் 12, திங்கள்

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, “அப்படியானால் நினைவாற்றல்தான் காரணம் என்கிறீர்களா?” என்று கேட்டிருக்கிறார்கள். நினைவாற்றல் இல்லாமல் முடியாது. பாடுபவர் தொடங்கியது பாட்டின் முதலடியா, சரணத்தின் நடுவில் வரும் அடியா, அல்லது பாட்டுக்கு முன் வரும் தொகையறாவா என்பதை அந்த நொடியில் பிரித்தறிய வேண்டும். சொல்லை மாற்றிப் பாடினால் கண்டுபிடிக்க வேண்டும். இன்று கைப்பேசியில் தட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம். அன்று மேடையில் அவருக்குத் துணையாக இருந்தது அவருடைய தலையும், பின்னால் அமர்ந்திருந்த இசைக்கலைஞர்களின் தலையும்தான்.

ஆனால் நினைவாற்றலையும் ஒரு படி கீழேதான் வைப்பேன். வானொலி அறிவிப்பாளர் தமக்கு எதிரே எவரையும் பார்க்க முடியாதவர். கேட்பவர் தையல் கடையில் இருக்கிறாரா, அடுக்களையில் இருக்கிறாரா, படுக்கையில் நோயாளியாக இருக்கிறாரா என்று தெரியாமல், அவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும்படி பேச வேண்டியவர். அப்படி ஒரு தொழிலில் இருந்து வந்தவருக்கு முன்னால், தொலைக்காட்சி ஒரு மனிதரைக் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்தியது. அவர் அந்த மனிதரைக் கேட்டார். போட்டியாளர் பாடும்போது குறுக்கே பேசாமல், முகத்தைப் பார்த்தபடி, பாட்டு நிற்கும் வரை கேட்டார். பிறகு பாடியவருக்குக் கைதட்டு வாங்கிக் கொடுத்த கையோடு, அந்தப் பாட்டை எழுதியவர் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் அவைக்குச் சொன்னார். என் தந்தை சக்கரத்தை நிறுத்திக் கேட்ட அதே பெயர்கள்.

ஒலிபரப்பு, ஒளிபரப்பு என்ற இரண்டு சொற்களுக்கும் இடையே ஓர் எழுத்துதான் வேறுபாடு. பலர் அந்த எழுத்தைத் தாண்டியதும் பழைய தொழிலைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள். அவர் அதைக் கையோடு கொண்டுவந்தார்.

ஆகஸ்ட் 17, சனி

“அவர் பேசியது மேடைத் தமிழ், மக்கள் பேசும் தமிழ் அவருக்கு வராது” என்று ஒருவர் சற்றுக் கடுமையாகவே எழுதியிருக்கிறார். இதற்கு விரிவாகவே விடை சொல்ல வேண்டும்.

இலங்கை வானொலியில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்றொரு தொடர் நாடகம் வந்தது. நான்கு பாத்திரங்கள், நான்கு வகைத் தமிழ். எஸ். ராம்தாஸ் மரிக்காராக வந்து முஸ்லிம்களின் பேச்சுத் தமிழில் பேசினார். டி. ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். செல்வசேகரன் உபாலியாகச் சிங்களம் கலந்த தமிழ் பேசினார். ஐயராக வந்து பிராமணத் தமிழ் பேசியவர் அப்துல் ஹமீத். மரிக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரப் பெயர்களே அந்த நடிகர்களின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு அது மக்களிடம் போய்ச் சேர்ந்தது. 1976-இல் ‘கோமாளிகள்’ என்ற பெயரில் அது திரைப்படமாகவும் வந்தது. அவரும் அதில் நடித்தார். இஸ்லாமியர் ஐயராகவும், ராம்தாஸ் மரிக்காராகவும் நடித்து, கேட்டவர்கள் எவரும் முகம் சுளிக்காத காலம் ஒன்று அந்தத் தீவில் இருந்தது என்பதை எண்ணும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. சில ஆண்டுகளில் தமிழருக்கு எதிரான 1983 கலவரம் வந்துவிட்டது.

இன்னொன்று. 2000-இல் வெளிவந்த ‘தெனாலி’ படத்தில் கமல்ஹாசன் ஈழத் தமிழராக நடித்தபோது, அந்தப் பேச்சு வழக்கைச் செம்மை செய்துகொள்ள அவர் நாடியது அப்துல் ஹமீதைத்தான். கொழும்பில் வளர்ந்தவர் யாழ்ப்பாண வழக்கை ஒரு பெரும் நடிகருக்கு எடுத்துச் சொல்லும் அளவுக்கு அறிந்திருந்தார். அத்தனை வழக்குகளும் நாவில் இருந்தும், பாட்டுக்குப் பாட்டு மேடையில் அவற்றில் எதையும் அவர் பேசவில்லை. சென்னைக்கு வந்து சென்னைப் பேச்சைப் போலியாகப் பேசவும் இல்லை. தம்முடைய ஊரின் ஓசையைச் சரக்காக்கி விற்கவும் இல்லை. திருநெல்வேலிக்காரரும் யாழ்ப்பாணத்தவரும் மலேசியத் தமிழரும் “இது நம் தமிழ்” என்று கொள்ளக்கூடிய ஒரு நடுத்தமிழைத் தேர்ந்து பேசினார். வராததனால் பேசாமல் இருப்பது வேறு, வந்தும் பேசாமல் இருப்பது வேறு.

புலம்பெயர்ந்த தமிழர்கள் வாழும் நாடுகளுக்கெல்லாம் அவரை மீண்டும் மீண்டும் அழைத்து மேடை ஏற்றியதற்கு இந்த நடுத்தமிழ் முக்கியமான காரணம் என்று கருதுகிறேன். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பியின் பிள்ளைகள் தமிழ் எழுத்துகளை முழுதாக அறிந்தது பாடநூலினால் அன்று. வீட்டில் இரவு உணவுக்குப் பின் நடந்த பாட்டுக்குப் பாட்டினால்தான். ‘நெ’ என்றால் ‘நே’யும் சேர்த்தி என்று சலுகை கொடுப்போம். அந்தச் சலுகைக்காகவே குறிலும் நெடிலும் அவர்களுக்குப் பிடிபட்டன.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சற்றே விலகி ஒரு சொல்லைப் பற்றி. இன்று நாம் தொகுப்பாளர் என்கிறோம், ஆங்கர் என்கிறோம். அவர் தம்மை எப்போதும் அறிவிப்பாளர் என்றே சொல்லிக்கொண்டார். “அன்பு அறிவிப்பாளர்” என்ற அடைமொழியோடுதான் மக்களும் அவரை அறிவார்கள். அறிவிப்பவர் தமக்கு வெளியே உள்ள ஒன்றை அறிவிக்கிறார்.

அதே காலத்தில் சன் தொலைக்காட்சியில் ‘சப்தஸ்வரங்கள்’ நடத்திய ஏ.வி. ரமணன் தாமே பாடகர். அவருடைய உற்சாகம் வேறு வகை. ‘பெப்சி உங்கள் சாய்ஸ்’ நடத்திய உமா, தொலைபேசியில் அழைத்தவரிடம் உறவினரைப் போலப் பேசிச் சிரித்தே நாடெங்கும் பெயர் பெற்றார். 2006-இல் விஜய் தொலைக்காட்சியில் சூப்பர் சிங்கர் தொடங்கியபின் பாட்டுப் போட்டியின் இலக்கணமே மாறியது. பாடுபவரின் வீடு, வறுமை, கண்ணீர் எல்லாம் நிகழ்ச்சிக்குள் வந்தன. நடத்துபவர்களும் நகைச்சுவைக் கலைஞர்களாக ஆனார்கள். அவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. அவர்களுக்கு இடப்பட்ட வேலை வேறு. ஆனால் பாட்டுக்குப் பாட்டில் போட்டியாளரின் துயரத்தை எவரும் கேட்கவில்லை. அவருக்கு ஓர் எழுத்து கொடுக்கப்பட்டது, அவருக்குத் தெரிந்த பாட்டு கேட்கப்பட்டது. ஒரு மனிதரை மதிக்க அது போதுமாக இருந்தது.

ஆகஸ்ட் 19, திங்கள்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். “போதுமாக இருந்தது” என்பது எனக்குப் போதுமாக இருந்தது என்றே இருக்க வேண்டும். சூப்பர் சிங்கர் மேடையில் தங்கள் ஊர்ப் பிள்ளையின் கதையைக் கேட்டு அழுதவர்களின் உணர்ச்சியும் உண்மையானதே.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கேள்வி கேட்ட வாசகர் மீண்டும் எழுதியிருக்கிறார். தம் வீட்டு விழா ஒன்றில் பாட்டுக்குப் பாட்டு நடத்தப் போவதாகவும், எழுத்துகளை எப்படித் தேர்வது என்றும் கேட்கிறார். சொல்கிறேன், ஐயா.

பதினெட்டு மெய் வரிசையிலிருந்து முதலில் ங, ண, ழ, ள, ற, ன ஆறையும் எடுத்து ஒதுக்கிவிடுங்கள். மிஞ்சுவது பன்னிரண்டு. இலக்கணப்படி ர, ல, ட மூன்றையும்கூட எடுக்க வேண்டும் என்று நானே முன்பு எழுதினேன். ஆனால் திரைப்பாட்டில் ராஜாவும் ராமனும் ரோஜாவும் ஏராளமாக வருவதால் ரகரத்தைத் திரும்பப் போடுங்கள். லகரத்தைப் பெரியவர்களுக்கு மட்டும் கொடுங்கள். டகரத்தை இளைஞர்களுக்குக் கொடுக்கலாம், சிறுவர்களுக்கு வேண்டா. ஞகரத்துக்குப் பாட்டு மிகக் குறைவு. நன்றாகப் பாடத் தெரிந்த ஒருவருக்கு, இறுதிச் சுற்றில், ஒரே ஒரு முறை. உயிரெழுத்துகளில் ஔவை விட்டுவிடுங்கள். சீட்டில் எழுதுவதானால் எல்லாவற்றையும் நீங்களே எழுதுங்கள். எழுதும்போதே ஒவ்வொன்றுக்கும் மூன்று பாட்டாவது வாய்க்குள் பாடிப் பாருங்கள்.

பெட்டியில் போடுவதற்கு முன் ஒவ்வொரு சீட்டையும் பிரித்து ஒரு முறை பார்த்துவிடுங்கள்.